ஒரே வைரஸ், இரண்டு முடிவுகள்: ஹெபடைடிஸிலிருந்து சிலர் மட்டும் தானாகக் குணமாவது ஏன்?

1977, 1978 ஆண்டுகளில் அயர்லாந்தில் பிரசவித்த ஆர்எச் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்மார்களுக்கு அடுத்த கருவைக் காக்க வழக்கமாகப் போடும் ஆன்டி-டி ஊசி போடப்பட்டது. அந்த மருந்தின் சில தொகுதிகளில், கல்லீரலில் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் கலந்திருந்தது. அந்த வைரஸ் 1989-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்பதால் அப்போது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 1994-ல் உண்மை வெளிவந்ததும் 62,667 பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. அவர்களில் 704 பேருக்கு, வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்துபோனதன் அல்லது இன்னும் இருப்பதன் அடையாளம் தெரிந்தது. ஆனால் 390 பேரின் ரத்தத்தில்தான் வைரஸ் இருந்தது. மீதிப் பெண்கள், அதாவது ஏறத்தாழ 45 விழுக்காட்டினர், எந்த மருந்தும் இல்லாமல் வைரஸைத் துரத்தியிருந்தார்கள்.

ஹெபடைடிஸைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர்கள் மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டிய நிகழ்வு இது. எல்லாரும் பெண்கள், எல்லாரும் குழந்தை பெறும் வயதினர், எல்லாருக்கும் வந்தது ஒரே மூலத்திலிருந்து வந்த ஒரே வைரஸ். பிறகும் பாதிப் பேர் குணமாக, பாதிப் பேருக்கு நோய் நாள்பட்டதாக மாறியது. வயது, பாலினம், வைரஸின் வகை ஆகிய வழக்கமான காரணங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவதில் பெரும்பங்கு அவரவர் உடலின் நோயெதிர்ப்பு மரபணுக்களுடையது. இந்தப் பெண்களின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, எச்எல்ஏ-பி27, எச்எல்ஏ-ஏ3, டிஆர்பி1*01 என்ற வகைகள் குணமானவர்களிடம் அதிகமாக இருந்தன. இந்தப் பெயர்கள் என்ன சொல்கின்றன என்பதைக் கீழே பார்ப்போம்.

முதலில், "குணமாதல்" என்ற சொல்

நம்மூரில் மஞ்சள் காமாலை வந்தவர் கண் வெளுத்துவிட்டால் குணமாகிவிட்டார் என்கிறோம். ஹெபடைடிஸ் ஏ, இ வகைகளுக்கு அது பெரும்பாலும் சரி. அவை வந்தால் சில வாரங்களில் போய்விடும். பெரியவர்களுக்கு வரும் ஹெபடைடிஸ் பி-யும் நூற்றில் 95 பேருக்கு மேல் தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தில் குடித்த கீழாநெல்லிச் சாறுக்குப் பெயர் போய்ச் சேர்கிறது. ஆனால் சாறு குடிக்காதவர்களும் அதே வேகத்தில்தான் தேறுகிறார்கள். ஹெபடைடிஸ் சி-யில் கதை வேறு. பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை, உடல் சோர்வுகூடத் தெரியாது, வைரஸ் மட்டும் உள்ளே தங்கிவிடும். மொத்தமாகப் பார்த்தால் 15 முதல் 45 விழுக்காட்டினர்தான் ஆறு மாதத்துக்குள் தானாக வைரஸை நீக்குகிறார்கள்.

அதனால் ஹெபடைடிஸ் சி-யில் குணம் என்றால் ரத்தத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ இல்லை என்று பொருள். இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. ஆன்டிபாடி பரிசோதனை "பாசிட்டிவ்" என்று வந்ததும் நோய் இருப்பதாகப் பலர் பயந்துவிடுகிறார்கள். ஆன்டிபாடி என்பது வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம், வைரஸ் வந்ததற்கான தடயம் மட்டுமே. வைரஸ் போன பிறகும் அது பல ஆண்டுகள் ரத்தத்தில் நிற்கும். அயர்லாந்துப் பெண்களில் 704 என்பது அந்தத் தடயத்தின் எண்ணிக்கை. 390 என்பது ஆர்என்ஏ-யின் எண்ணிக்கை. எதிர்ப்பக்கக் குழப்பமும் உண்டு. தொற்றிய ஓரிரு வாரத்தில் ஆர்என்ஏ தெரியத் தொடங்கும். ஆன்டிபாடி உருவாக எட்டு முதல் பதினொரு வாரம் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் ஆன்டிபாடியை மட்டும் பார்த்தால் நோய் இருப்பது தெரியாமல் போகும். தொற்றின் முதல் மாதங்களில் ஆர்என்ஏ அளவு ஏறி இறங்கும். ஒருமுறை கண்டறிய முடியாத அளவுக்குத் தாழ்ந்து, மறுபடி ஏறுவதும் உண்டு. அதனால் ஒரே ஒரு "இல்லை" முடிவை வைத்துக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை தேவை.

எச்எல்ஏ: கண்ணாடி அலமாரி

பலகாரக் கடையின் சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்று தெருவில் நிற்பவருக்குத் தெரியாது. முன்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பார்த்துத்தான் உள்ளே என்ன தயாராகிறது என்று அறிய முடியும். நம் செல்களும் அப்படித்தான். உள்ளே தயாராகும் ஒவ்வொரு புரதத்தின் சிறு துண்டுகளையும் மேற்பரப்பில் எடுத்து வைத்துக் காட்டுகின்றன. அந்தத் துண்டுகளைத் தாங்கும் தட்டுகள்தான் எச்எல்ஏ மூலக்கூறுகள். தெருவில் ரோந்து வருபவை டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். தட்டில் வைரஸின் துண்டைக் கண்டால் அந்தச் செல்லை அழித்துவிடும்.

எச்எல்ஏ மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் இருக்கின்றன. மனித மரபணுக்களிலேயே ஆளுக்கு ஆள் மிக அதிகமாக வேறுபடுபவை இவைதான். ஏ, பி, சி என்ற முதல் வகுப்புத் தட்டுகள் உட்கரு உள்ள எல்லாச் செல்களிலும் இருக்கும். பெரும்பாலும் ஒன்பது அமினோ அமிலம் நீளமுள்ள துண்டைத் தாங்கும். டிஆர், டிக்யூ, டிபி என்ற இரண்டாம் வகுப்புத் தட்டுகள் முக்கியமாக நோயெதிர்ப்புச் செல்களில் இருக்கும். உதவி டி செல்களைத் தட்டி எழுப்புவது அவற்றின் வேலை. அம்மாவிடமிருந்து ஒரு தொகுதி, அப்பாவிடமிருந்து ஒரு தொகுதி வருவதால் முதல் வகுப்பில் மட்டும் ஒருவரிடம் ஆறு வகைத் தட்டுகள் வரை இருக்கலாம்.

தட்டின் குழிவு வகைக்கு வகை மாறும். லட்டுக்கான குழியில் முறுக்கு உட்காராது. எந்தத் துண்டு எந்தத் தட்டில் உட்காரும் என்பதைத் துண்டின் இரண்டாம் இடத்திலும் கடைசி இடத்திலும் உள்ள அமினோ அமிலங்கள் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. எச்எல்ஏ-பி27 தட்டு, இரண்டாம் இடத்தில் ஆர்ஜினின் இருக்கும் துண்டை விரும்பும்.

இப்போது அயர்லாந்துக்குத் திரும்புவோம். ஹெபடைடிஸ் சி வைரஸ் தன் ஆர்என்ஏ-யை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியின் பெயர் என்எஸ்5பி. அதில் இரண்டாம் இடத்தில் ஆர்ஜினின் கொண்ட ஒன்பது அமினோ அமிலத் துண்டு ஒன்று இருக்கிறது. பி27 தட்டில் அது கச்சிதமாக உட்காரும். வைரஸ் சும்மா இருக்காது. நகலெடுக்கும்போது நேரும் பிழைகளால் துண்டின் வடிவத்தை மாற்றித் தப்பப் பார்க்கும். மற்ற தட்டுகள் காட்டும் துண்டுகளில் ஒரே மாற்றம் பல நேரம் அதற்குப் போதும். இந்தத் துண்டில் ஒரு மாற்றம் போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் சேர்ந்து வர வேண்டும். அது நகலெடுக்கும் நொதியின் பகுதி என்பதால் அங்கே கைவைத்தால் வைரஸின் பெருகும் திறனே குறைகிறது. தப்பிக்கும் வழியை வைரஸ் தேடிக்கொண்டிருக்கும்போதே டி செல்கள் வேலையை முடித்துவிடுகின்றன. "நல்ல மரபணு" என்று சொல்லும்போது அதன் உண்மையான பொருள் இதுதான்: வைரஸ் மாற்றிக்கொள்ள முடியாத இடத்தைப் பார்த்துக் காட்டும் தட்டு.

இதே பி27, எச்ஐவி தொற்றிலும் நோயின் வேகத்தைக் குறைக்கிறது. முதுகுத் தண்டை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற மூட்டு நோய்க்கான வாய்ப்பையும் அதுவே கூட்டுகிறது. நல்லது, கெட்டது என்று மரபணுக்களை இரண்டாகப் பிரிப்பது ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பி27 தரும் பாதுகாப்பு ஹெபடைடிஸ் சி-யின் 1-ஆம் வகை வைரஸுக்கு மட்டும் உரியது. மற்ற வகைகளில் அந்தத் துண்டின் எழுத்து வரிசையே வேறு. இந்தியாவில் அதிகம் காணப்படுவது 3-ஆம் வகை. ஆகவே ஐரோப்பிய ஆய்வில் வந்த முடிவை அப்படியே எடுத்து இங்குள்ளவருக்குப் பொருத்தினால் தப்பாகிவிடும். மரபணு ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது எந்த வைரஸ் வகை, எந்த மக்கள் என்ற இரண்டையும் முதலில் தேடுங்கள்.

கொல்லி செல்லின் பிரேக்

டி செல்கள் தயாராகச் சில வாரங்கள் ஆகும். அதற்கு முன்பே களத்தில் இருப்பவை என்கே செல்கள் எனப்படும் இயற்கைக் கொல்லி செல்கள். இவற்றின் மேல் பிரேக் போன்ற ஏற்பிகள் உண்டு. அவற்றை உருவாக்குபவை கேஐஆர் மரபணுக்கள். நலமான செல்லின் எச்எல்ஏ-சி தட்டைத் தொட்டதும் பிரேக் அழுந்தும், கொல்லி செல் விலகிப்போகும். பிரேக்கின் இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறு. கேஐஆர்2டிஎல்3 என்ற ஏற்பியும் எச்எல்ஏ-சி1 என்ற தட்டு வகையும் சேர்ந்த ஜோடியில் பிரேக் தளர்வாக இருக்கும், அதனால் கொல்லி செல் எளிதில் பாயும். இந்த இரண்டும் பெற்றோர் இருவரிடமிருந்தும் கிடைத்தவர்கள் ஹெபடைடிஸ் சி-யை நீக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 2004-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பலன் ஊசி வழியாகக் குறைந்த அளவு வைரஸ் நுழைந்தவர்களிடம் மட்டுமே தெரிந்தது. ரத்தமாற்று வழியாகப் பெருமளவு நுழைந்தவர்களிடம் தெரியவில்லை. முதல் காவலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது.

இன்டர்ஃபெரான் லாம்டா: தலைகீழ்ப் புதிர்

2009-ல் ஹெபடைடிஸ் சி ஆய்வுலகையே உலுக்கிய கண்டுபிடிப்பு 19-ஆம் குரோமோசோமில் கிடைத்தது. அன்றைய சிகிச்சை, வைரஸை எதிர்க்க உடலே உருவாக்கும் புரதமான இன்டர்ஃபெரானின் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். 1-ஆம் வகை வைரஸுக்கு 48 வாரம் எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல், மனச்சோர்வு, ரத்த அணுக்கள் குறைதல் என்று நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அத்தனையும் தாங்கிய பிறகும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் பலன். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

விடை, இன்டர்ஃபெரான் லாம்டா 3-ஐ உருவாக்கும் ஐஎல்28பி என்ற மரபணுவுக்கு அருகே உள்ள ஒரே ஓர் டிஎன்ஏ எழுத்தில் இருந்தது. ஆர்எஸ்12979860 என்று பெயரிட்ட அந்த இடத்தில் சிலருக்கு சி, சிலருக்கு டி. இரு பெற்றோரிடமிருந்தும் சி வாங்கியவர்களுக்கு, அதாவது சிசி வகையினருக்கு, சிகிச்சை பலிக்கும் விகிதம் டிடி வகையினரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதே ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வு, சிகிச்சையே இல்லாமல் தானாகக் குணமாவதிலும் சிசி வகையினர் முந்துவதைக் காட்டியது. சி எழுத்து கிழக்கு ஆசியர்களிடம் 90 விழுக்காட்டுக்கும் மேல். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பாதிக்கும் கீழே. அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளுக்கு மருந்து குறைவாகவே பலித்ததற்கு அவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததே காரணம் என்ற குற்றச்சாட்டு உண்டு. அந்த வேறுபாட்டில் சுமார் பாதியை இந்த ஓர் எழுத்தே விளக்கியது.

ஆனால் அந்த எழுத்து ஒரு விலாசம்தான். உண்மையான காரணம் பக்கத்து வீட்டில் இருந்தது. 2013-ல், அருகிலேயே ஐஎஃப்என்எல்4 என்ற, அதுவரை யாரும் அறியாத மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. சிலரிடம் இந்த மரபணு முழுமையாக இருந்து இன்டர்ஃபெரான் லாம்டா 4 என்ற புரதத்தை உருவாக்கும். மற்றவர்களிடம் சிறிய எழுத்து மாற்றத்தால் வாசிப்பு வரிசை பிசகி, புரதமே உருவாகாது. இன்டர்ஃபெரான் என்பது வைரஸை எதிர்க்கும் அபாயமணி. அந்தப் புரதம் இருப்பவர்கள்தானே நன்றாகக் குணமாக வேண்டும்? நடப்பது நேர்மாறு. புரதம் உருவாகாதவர்களே ஹெபடைடிஸ் சி-யை எளிதாக நீக்குகிறார்கள்.

கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது காரணத்தின் ஒரு பகுதி புலப்பட்டது. லாம்டா 4 உருவாகும் நோயாளிகளின் கல்லீரலில், சிகிச்சைக்கு முன்பே இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் மரபணுக்கள் உச்சத்தில் இருந்தன. மருந்தாக இன்டர்ஃபெரான் போனபோது அவை மேலும் ஏறவில்லை. மணி இரவும் பகலும் அடித்துக்கொண்டே இருந்தால் தெருவில் யாரும் எழுந்து வர மாட்டார்கள் அல்லவா, அதுபோல. இதை உறுதிசெய்யும் சான்று ஒன்றும் உண்டு. லாம்டா 4 புரதத்தின் 70-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி, புரதம் வலுவிழந்த நிலையில் இருப்பவர்கள், வலுவான வடிவம் உள்ளவர்களைவிட நன்றாகக் குணமாகிறார்கள்.

ஹெபடைடிஸ் பி: மரபணுவுக்கு முன்னால் வயது

ஹெபடைடிஸ் பி-யில் மரபணுவைப் பேசும் முன் வயதைப் பேசியாக வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தாயிடமிருந்து தொற்றினால் நூற்றுக்கு 90 குழந்தைகளுக்கு நாள்பட்ட நோயாகும். பெரியவருக்குத் தொற்றினால் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. எந்த மரபணு வேறுபாடும் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்குவதில்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போடச் சொல்வது இதனால்தான்.

அதற்குப் பிறகு மரபணுவின் பங்கு வருகிறது. ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நடந்த ஆய்வில், டிஆர்பி1*13:02 என்ற இரண்டாம் வகுப்புத் தட்டு உள்ளவர்கள் வைரஸை நீக்குவது அதிகம் என்று 1995-ல் தெரிந்தது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வெவ்வேறு இரண்டாம் வகுப்புத் தட்டுகளைப் பெற்றவர்கள், ஒரே வகையை இரட்டையாகப் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்பதும் அங்கேயே தெரிந்தது. பல வகைத் தட்டு இருந்தால் வைரஸின் பல துண்டுகள் வெளியே தெரியும். 2009-ல் ஜப்பானிய ஆய்வு எச்எல்ஏ-டிபி மரபணுக்களைச் சுட்டியது. அங்கே முக்கியமான எழுத்து மாற்றம் ஒன்று தட்டின் குழிவை மாற்றுவதில்லை. மரபணுவின் வால் பகுதியில் இருந்துகொண்டு, எத்தனை தட்டுகள் உருவாக வேண்டும் என்பதை மாற்றுகிறது. வடிவத்தைப் போலவே எண்ணிக்கைக்கும் விளைவு உண்டு.

ஹெபடைடிஸ் பி-யில் குணமானவரின் அறிக்கை இப்படி இருக்கும்: எச்பிஎஸ் ஆன்டிஜென் (வைரஸின் மேற்பரப்புப் புரதம்) நெகட்டிவ், எச்பிஎஸ் ஆன்டிபாடி பாசிட்டிவ், எச்பி கோர் ஆன்டிபாடி (வைரஸின் உள்கூட்டுப் புரதத்துக்கு எதிரானது) பாசிட்டிவ். ஆனால் வைரஸின் வட்ட வடிவ டிஎன்ஏ கல்லீரல் செல்லின் உட்கருவில் சிறிதளவு பதுங்கியே இருக்கும். எதிர்ப்பாற்றல் அதைப் பூட்டி வைத்திருக்கிறது, அவ்வளவே. ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தோ புற்றுநோய் மருந்தோ எதிர்ப்பாற்றலைத் தாழ்த்தினால் பூட்டு திறந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஹெபடைடிஸ் சி-க்கு மாத்திரை தொடங்கும்போதும் பதுங்கிய பி விழித்துக்கொள்வது உண்டு. ஆகவே இவ்வகைச் சிகிச்சைக்கு முன் எச்பிஎஸ் ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டையும் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "அது எப்போதோ சரியாகிவிட்டது" என்று மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது பெரிய தவறு.

தடுப்பூசியிலும் இதே மரபணுக்கள் குறுக்கிடும். பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசிகள். ஐந்து முதல் பத்து விழுக்காட்டினருக்கு அதன் பிறகும் ஆன்டிபாடி அளவு மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகைத் தொடுவதில்லை. டிஆர்பி1*03, *07 வகைத் தட்டுகள் இவர்களிடம் அதிகம். ஆனால் மரபணுவைக் காரணம் காட்டுமுன் எளிய காரணங்களைப் பாருங்கள். ஊசியைத் தோள்பட்டைத் தசையில் போடாமல் இடுப்பில் போட்டிருந்தால் பலன் குறையும். புகைப்பழக்கம், உடல் பருமன், கூடிய வயது ஆகியவையும் குறைக்கும். மூன்றாம் ஊசிக்குப் பின் ஒன்று முதல் இரண்டு மாதத்தில் சோதிக்க வேண்டும். பத்தாண்டு கழித்துச் சோதித்து, அளவு குறைந்திருப்பதைக் கண்டு ஊசி பலிக்கவில்லை என்று முடிவுசெய்வது தவறு. அளவு தானாகவே இறங்கும், நினைவுச் செல்கள் காவலில் இருக்கும். முதல் சுற்று உண்மையிலேயே பலிக்காதவர்களுக்கு இரண்டாம் சுற்று போடப்படும். அதில் பலருக்குப் பலித்துவிடுகிறது.

எதிர்ப்பு மிஞ்சினாலும் ஆபத்து

ஹெபடைடிஸ் ஏ-யில் மரபணுக் குறை வேறு விதமாக வெளிப்படும். நலமாக இருந்த 11 வயதுச் சிறுமி ஒருத்தி ஹெபடைடிஸ் ஏ வந்து கல்லீரல் முற்றிலும் செயலிழந்து இறந்துபோனாள். அவளிடம் ஐஎல்18பிபி என்ற மரபணுவின் இரு நகல்களும் பழுதாக இருந்ததை 2019-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது. எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்லூக்கின் 18-ஐ அடக்கி வைக்கும் கடிவாளம் அது. கடிவாளம் இல்லாததால் கொல்லி செல்கள் கல்லீரலையே அழித்தன. இது மிக மிக அரிது. ஆனால் கல்லீரல் அழற்சியில் செல்களைக் கொல்வது பெரும்பாலும் வைரஸ் அல்ல, நம் எதிர்ப்பாற்றலே என்பதை இதைவிட வலியோடு எதுவும் உணர்த்தாது.

எண்களை எப்படிப் படிப்பது

"மூன்று மடங்கு வாய்ப்பு" என்று செய்தியில் வந்தால் பெரும்பாலும் அது வாய்ப்பு விகிதம். சாதகமற்ற மரபணு உள்ள 100 பேரில் 20 பேர் தானாகக் குணமாவதாக வைத்துக்கொள்வோம். குணமானவர் 20, ஆகாதவர் 80. விகிதம் ஒன்றுக்கு நான்கு. மூன்று மடங்கு என்றால் மூன்றுக்கு நான்கு, அதாவது 100-க்குச் சுமார் 43. 60 அல்ல. சாதகமான மரபணு இருந்தும் 57 பேருக்கு வைரஸ் தங்கும், சாதகமற்றது இருந்தும் 20 பேருக்குப் போய்விடும். தனி ஒருவரின் முடிவை இதை வைத்துச் சொல்லவே முடியாது.

ஐஎல்28பி மரபணுச் சோதனை செய்வதாக இருந்தால், ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். ஹெப்பாரின் குழாயில் எடுத்தால், டிஎன்ஏ-யை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் வேலையைக் கெடுக்கும். அறிக்கையில் சிசி, சிடி, டிடி என்றில்லாமல் ஜிஜி, ஜிஏ, ஏஏ என்றிருந்தால் டிஎன்ஏ-யின் எதிர் இழையைப் படித்திருக்கிறார்கள். ஜிஜி என்பது சிசி-க்குச் சமம். கல்லீரல் மாற்று அறுவை செய்தவருக்கு விடை இரண்டு. ரத்தத்தில் தெரிவது அவருடைய மரபணு, புதிய கல்லீரலில் இருப்பது கொடையாளருடையது. இன்டர்ஃபெரான் காலத்தில் இரண்டுமே பலனைப் பாதித்தன.

இன்று அந்தச் சோதனை ஹெபடைடிஸ் சி நோயாளிக்குத் தேவைப்படுவதே அரிது. சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த மாத்திரை, நாளுக்கு ஒன்று, 12 வாரம். நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணம், சிசி ஆனாலும் டிடி ஆனாலும். வைரஸின் நொதியையே நேரடியாக முடக்கும் மருந்து என்பதால் எதிர்ப்பாற்றலின் சாதகத்துக்காகக் காத்திருப்பதில்லை. தானாகப் போகிறதா என்று ஆறு மாதம் பார்க்கும் பழைய வழக்கத்தையும் இன்றைய நெறிமுறைகள் கைவிட்டுவிட்டன. ஆர்என்ஏ இருந்தால் உடனே தொடங்கலாம். இந்தியாவில் 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

தானாகக் குணமானவரோ மருந்தால் குணமானவரோ, ஹெபடைடிஸ் சி மறுபடி தொற்றாமல் இருக்க எந்த மரபணுவும் உறுதி தராது. இன்னும் தடுப்பூசியும் இல்லை. நம் நாட்டு ரத்த வங்கிகளில் ஹெபடைடிஸ் சி சோதனை கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறை ஆன்டிபாடி சோதனை செய்துகொள்வது நல்லது. பாசிட்டிவ் என்றால் அடுத்த கேள்வி ஆர்என்ஏ.